கடைசித் தையலுக்குப் பிறகு

ஸ்விலேனா என்ற பெயரை ரூஸ்கா முதன்முதலாகக் கேட்டபோது அவள் தலை முட்டைக்கோஸ் ஊறப்போடும் பீப்பாய்க்குள் இருந்தது. அடியில் படிந்த போன வருஷத்து உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தம்பி மிஞ்சோ சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்து, அக்காவின் முதுகைப் பார்த்து, "அக்கா, எனக்கு ஒருத்தியப் புடிச்சிருக்கு. ஸ்விலேனான்னு பேரு" என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சம். முதுகிடம் சொல்லிவிட்டான்.

பட்டுப் போன்றவள் என்று அர்த்தம் வரும் பெயர் அது. மலையடிவாரத்துக் கிராமத்தில் அந்த நாளில் அப்படி ஒரு பெயரை யாரும் வைத்ததில்லை.

"அது பொண்ணாடா, துணியாடா?" என்று பீப்பாய்க்குள்ளிருந்தே குரல் வந்தது.

"பொண்ணுதான். டவுன்ல தையல் கம்பெனியில சட்டைக் காலர் தைக்கிறா."

"அப்போ துணிதான். நம்ம ஊர்க் குளிருக்குத் தாங்குமா?"

மிஞ்சோ சிரித்தான். ரூஸ்காவும் தலையை வெளியே எடுத்துச் சிரித்தாள். அந்தக் கேலி கல்யாணத்தன்றே ஸ்விலேனாவின் காதுக்குப் போய்விட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. "தாங்கும் அக்கா, ரெட்டைத் தையல் போட்டது" என்றாள். அந்தப் பதில் ரூஸ்காவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிடித்திருந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வீட்டில் மாமியார் கிடையாது. ரூஸ்காவுக்குப் பள்ளிக்கூடப் பருவம், மிஞ்சோ நடக்கப் பழகிய பிள்ளை, அப்போதே அவர்கள் அம்மா நேதா வயிற்று ஆபரேஷனுக்கென்று டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மயக்கம் கொடுத்தார்கள், அவ்வளவுதான், கண் திறக்கவில்லை. ரூஸ்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்து, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நர்ஸ் வந்து அவள் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தாள். அந்த ஆஸ்பத்திரிக்கே பிற்பாடு துப்புரவு வேலைக்குப் போனாள் ரூஸ்கா. ஆபரேஷன் கூடத்துத் தரையைத் துடைத்துத்தான் தம்பியை ஆளாக்கினாள். எனவே ஸ்விலேனாவுக்கு நாத்தனாரும் அவள்தான், மாமியாரும் அவள்தான்.

ஸ்விலேனா எப்படிப்பட்டவள் என்று கேட்டால், வலித்தால் வாயைத் திறக்காதவள். மகள் யானா பிறந்தது பனியில் சிக்கி நின்ற பக்கத்து வீட்டுக்காரனின் லாடா காரின் பின் சீட்டில். வண்டி ஓட்டியவன், "பின்னால ஒரு சத்தமும் இல்லயே, தூங்கிட்டாளோன்னு நெனச்சேன்" என்று இன்றைக்கும் சொல்வான். ஒருமுறை கம்பெனியில் தையல் மிஷின் ஊசி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு போயிற்று. அவள் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றி ஊசியை எடுத்து, விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு, அந்தக் காலரையும் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். காலரில் ரத்தம் படவில்லை என்பதில் அவளுக்குப் பெருமை. இதெல்லாம் ரூஸ்காவுக்குத் தெரியும். பிற்பாடு அவளைக் குத்திக்கொண்டே இருந்ததும் அதுதான்.

பித்தப்பையில் கல் என்று தெரிந்ததும் அப்படித்தான். பிளம் பழம் காய்ச்சி ராக்கியாச் சாராயம் இறக்குகிற நாள். கொப்பரையைச் சுற்றி ஊரே நின்று கத்திக்கொண்டிருக்கிறது. ஸ்விலேனா விறகுக் குவியல்மேல் போய் உட்கார்ந்தாள். முகம் சாம்பல் நிறம்.

"என்னடி, குடிக்காமலே ஏறிடுச்சா?" என்றாள் ரூஸ்கா.

"கொஞ்சம் ஒக்காந்தா சரியாயிடும் அக்கா."

சரியாகவில்லை. ரூஸ்காதான் இழுத்துக்கொண்டு போனாள். ஆபரேஷன் என்றதும் ஸ்விலேனா பயப்படவில்லை. பயந்தவன் மிஞ்சோ. அவன் லாரியோடு ருமேனியாவில் இருந்தான். அங்கிருந்தே போன் செய்தான்.

"அக்கா, அம்மா மாதிரி ஆயிடாதுல்ல?"

"வாயக் கழுவுடா. இப்ப மருந்தெல்லாம் வேற. கடைசித் தையல் போட்ட கையோட கண்ண முழிச்சிடுவா. நான் போனக் கதவுகிட்ட பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அவ குரல நீயே கேளு."

சொல்லிவிட்டாள்.

மயக்க மருந்து கொடுப்பவள் டாக்டர் பெனேவா. அப்போது புதிதாக வந்த சின்னப் பெண். முதல் குளிர்காலத்தில் அவள் வாடகை அறையில் அடுப்பு புகைந்தபோது ரூஸ்காதான் போய்ப் புகைக்குழாயைச் சுத்தம் செய்து கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெண்ணெய்க்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்த உரிமையில்தான் ஆபரேஷன் காலையில் கைகழுவும் இடத்தில் போய் நின்றாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். நம்ம வீட்டுப் புள்ள. கடைசித் தையல் விழுந்ததும் அந்த மருந்த நிறுத்திடுங்க. இழுத்துக்கிட்டே இருக்க வேணாம்."

"நான் முடியறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா எறக்கிக்கிட்டு வந்துதான் நிறுத்துவேன், ரூஸ்காம்மா. முழிக்கக் கொஞ்சம் நேரமாகும். ஆனா அதுதான் நல்லது."

"மத்த டாக்டருங்க டக்குனு நிறுத்திடறாங்களே! நானுந்தான இங்க வருஷக்கணக்கா வாளியத் தூக்கிக்கிட்டுப் பாக்கறேன். நிறுத்தின கொஞ்ச நேரத்துல கண்ணத் தொறந்து பேரு சொல்றாங்க."

"சொல்வாங்க. ஆனா சில பேருக்கு அப்புறம்…"

"எங்கம்மா தொறக்கல" என்றாள் ரூஸ்கா.

டாக்டர் பெனேவாவின் கை குழாயடியில் அப்படியே நின்றது. சர்ஜனுக்கும் அன்று அவசரம், பேத்திக்கு ஞானஸ்நானம். "பெனேவா, இன்னைக்கு இழுக்காதம்மா" என்று அவரும் முகமூடிக்குள்ளிருந்து சொன்னார். டாக்டர் பெனேவா சரியென்று தலையை ஆட்டினாள்.

ரூஸ்கா கதவருகில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் மிஞ்சோ, ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தான். உள்ளே கத்தரி, கிண்ணம் எல்லாவற்றையும் தட்டில் போடும் சத்தம் கேட்டது. "முடிஞ்சுதுடா" என்றாள் ரூஸ்கா. கொஞ்ச நேரத்தில் ஸ்விலேனாவின் குரல் வந்தது.

அது பேச்சாக வரவில்லை. பன்றி அறுக்கும் டிசம்பர் காலையில் ஊருக்குள் கேட்கும் சத்தம் போல வந்தது. கத்தி ஓய்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி கத்தினாள். "தொடாதீங்க, போர்வைய எடுங்க, போர்வை வலிக்குது" என்றாள். போர்வை வயிற்றின் மேலேயே இல்லை, காலில் கிடந்தது. நர்ஸ் ஓடினாள். டாக்டர் பெனேவா ஊசி மேல் ஊசி போட்டாள். போனில் மிஞ்சோ, "அக்கா! அக்கா! என்ன ஆச்சு? அறுக்கறாங்களா இன்னும்?" என்று கத்திக்கொண்டிருந்தான். ரூஸ்கா போனை இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணிக்குள் அமுக்கினாள்.

பிறகு, "உசுரோடதான்டா இருக்கா. கேட்டல்ல?" என்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு அது போதுமாக இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சாயங்காலத்துக்குள் வலி அடங்கிவிட்டது. அடங்காதது ஊர் வாய். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவளின் ஓரகத்தி அதே கிராமத்துக்காரி, பெயர் ஸ்லாவ்கா. ரொட்டிக் கடையில் ரொட்டி வருவதற்குள் அவள் கதையைப் பரிமாறிவிட்டாள். "போர்வை வலிக்குதாம்மா மகாராணிக்கு!" என்று அவள் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ரூஸ்காவைப் பார்த்தார்கள். ரூஸ்காவுக்கும் ஏதாவது சொல்லவேண்டி இருந்தது.

"பட்டுதானே! ஊசி பட்டா கிழியாதா?" என்றாள்.

கடையே சிரித்தது. ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினால், வாசலில் ஸ்விலேனா நிற்கிறாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, தையல் பிரித்த மறுநாள். அவளும் சிரித்தாள். "ரெட்டைத் தையலும் விட்டுப்போச்சு அக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் மாறிப்போனாள். சத்தமாக எதுவும் மாறவில்லை. பல் வலித்தால் கிராம்பை வைத்துக் கட்டிக்கொண்டாள், டாக்டரிடம் போகவில்லை. கம்பெனியில் ரத்த சோதனைக்கு வண்டி வந்தால் அன்று லீவு போட்டாள். யாராவது ஆஸ்பத்திரிப் பேச்செடுத்தால், "ஐயோ, நான் பயந்தாங்கொள்ளி, என்னைக் கேக்காதீங்க" என்று தானே முந்திக்கொண்டு சொல்வாள். ஒருநாள் குளிர்காலத்துக்கென்று பெரிய மிளகாய்களைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருக்கும்போது, ரூஸ்காவிடம் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, நான் அப்படிப்பட்டவன்னு எனக்கே தெரியாது. ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எப்படிப்பட்டவ?"

"கோழை."

ரூஸ்கா மிளகாய்த் தோலை விரலிலிருந்து உதறினாள். "வெட்டிப் பேச்சு பேசாம உரி" என்றாள்.

அந்த வருஷம் அப்படி மிளகாய் போட்டு மூடிய குடுவைகளில் சிலவற்றை ரூஸ்கா டாக்டர் பெனேவாவுக்குக் கொண்டுபோனாள். டாக்டர் குடுவையை வாங்கி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, "தம்பி சம்சாரம் எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"அவளுக்கென்ன! அலறின அலறலச் சொல்லி இப்பவும் சிரிக்கிறோம்."

டாக்டர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

"சிரிக்காதீங்க, ரூஸ்காம்மா. அவ பயத்துல அலறல. அது என்னால வந்தது." கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தக் குடுவையைத் தொட்டாள். "இத அண்டாத் தண்ணியில கொதிக்க வெச்சு எப்படி எடுப்பீங்க?"

"எடுக்க மாட்டோம். தீய அணைச்சுட்டு அண்டாவுலயே விட்டுடுவோம், அதுவா ஆறட்டும்னு. கொதிக்கும்போதே எடுத்துக் குளிர்ல வெச்சா விரிசல் விட்டுடும்."

"அதான். ஆபரேஷன்ல குடுக்கற அந்த வலி மருந்து ரொம்பப் பலமானது. ஆனா நிறுத்தின கொஞ்ச நேரத்துல ஒடம்புல ஒண்ணும் இருக்காது. அதுவரைக்கும் அழுத்தி வெச்சிருந்த நரம்பெல்லாம் ஒரேயடியா எழுந்து நிக்கும். காயம் என்ன வலிக்கணுமோ அதவிட அதிகமா வலிக்கும். காத்துப் பட்டா வலிக்கும், போர்வை பட்டா வலிக்கும். எல்லாருக்கும் அப்படி வராது. மெல்ல எறக்கினா நெறைய பேருக்கு வராமலே இருக்கு. அவளுக்கும் மெல்ல எறக்கணும்னுதான் இருந்தேன்."

"நான் சொன்னதால…"

"நீங்க கேட்டீங்க. கேட்டத செஞ்சது நான். டாக்டர் நீங்க இல்ல, நான்தான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானே சொல்லணும்னு இருந்தேன், அவ இந்தப் பக்கமே வரல. நீங்க சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்" என்றாள் ரூஸ்கா.

சொல்லவில்லை. அன்று மாலை சொல்லலாம் என்றுதான் போனாள். ஸ்விலேனா யானாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளை முன்னால் வேண்டாம் என்று வந்துவிட்டாள். அப்புறம் மிஞ்சோ ஊருக்கு வந்திருந்தான், அவன் முன்னால் வேண்டாம். அப்புறம் ஈஸ்டர் வந்தது, நல்ல நாளில் எதற்கு. இப்படி நாள் தள்ளிப்போய், சொன்னால் 'இவ்வளவு நாள் ஏன் சொல்லல' என்று கேட்பாளே என்கிற இடத்துக்கு வந்து நின்றது. ஆனால் ரூஸ்கா பிறகு ஒருநாளும் அந்தக் கேலியைச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னால் எழுந்து போய்விடுவாள். அதனால் ஸ்விலேனாவுக்கு என்ன லாபம்?

எல்லாவற்றையும்விட அவளைப் பாடாய்ப் படுத்தியது மன்னிப்பு ஞாயிறு. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்குமுன் வரும் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். கையில் முத்தமிட்டு, "மன்னிச்சுக்கோங்க" என்று கேட்க வேண்டும். பெரியவர், "மன்னிச்சாச்சு, கடவுளும் மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் முட்டையும் பனிட்சாவும். உத்தரத்திலிருந்து நூலில் தொங்கவிட்ட கெட்டி அல்வாத் துண்டைப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வாயால் கவ்வுவார்கள். பெரியவர் சின்னவரிடம் கேட்பது கிடையாது, எந்தக் காலத்திலும். வருஷா வருஷம் ஸ்விலேனா வந்து குனிந்து, ரூஸ்காவின் கையில் உதட்டை வைத்து, "மன்னிச்சுக்கோங்க அக்கா" என்பாள். ரூஸ்காவும், "மன்னிச்சாச்சு" என்பாள். சொல்லும்போது நாக்கு மரக்கட்டையாக இருக்கும்.

இப்படிப் பல ஞாயிறுகள் போயின. ரூஸ்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். யானா கடலோர ஊரான வர்னாவுக்குப் படிக்கப் போய் அங்கேயே வேலை தேடிக்கொண்டாள். அந்தக் குளிர்காலத்தில்தான் ஸ்விலேனாவுக்கு உதிரம் போக ஆரம்பித்தது. கம்பெனியில் மயங்கி விழுந்தபோது தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், அதனால்தான் டாக்டர் பார்க்கவே முடிந்தது. கர்ப்பப்பையில் கட்டி. இன்னும் கெட்டதாக மாறவில்லை, விட்டுவைத்தால் மாறும், எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஸ்விலேனா கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மிஞ்சோ கெஞ்சினான், கத்தினான், கடைசியில் அழுதான். யானா வர்னாவிலிருந்து வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

"முடியாது" என்றாள் ஸ்விலேனா. "என்னால அத இன்னொருதரம் தாங்க முடியாது. நான் செத்தா அழுதுட்டுப் போங்க. அந்தக் கதவுக்குள்ள மட்டும் போகமாட்டேன்."

மிஞ்சோ ரூஸ்காவிடம் வந்து தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "நீ சொன்னா கேப்பா அக்கா. ஒங்கிட்ட அவளுக்கு மரியாதை."

அந்த வார்த்தை ரூஸ்காவைச் சுட்டது.

அடுத்து வந்தது மன்னிப்பு ஞாயிறு. பனிட்சா அடுப்பில் இருந்தது. தொங்கவிட்ட அல்வாவைக் கவ்வ வீட்டில் பிள்ளைகள் யாரும் இல்லை, ஆனாலும் பழக்கத்தில் ரூஸ்கா கட்டியிருந்தாள். மிஞ்சோ பின்னால் நிற்க, ஸ்விலேனா வந்தாள். மெலிந்து, தோலெல்லாம் வெளுத்து இருந்தாள். குனிந்து, ரூஸ்காவின் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள். ரூஸ்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்ன அக்கா? என்ன தப்பு பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. ஒக்காரு."

"முதல்ல கேட்டுட்டு…"

"ஒக்காருடின்னா!"

உட்கார்ந்தாள். ரூஸ்கா நின்றபடியே சொன்னாள். கைகழுவும் இடத்தில் பேசியதைச் சொன்னாள். மருந்தை மெல்ல இறக்குகிறேன் என்று டாக்டர் சொன்னதையும், தான் விடாமல் பிடித்ததையும் சொன்னாள். போனைக் கதவோரம் பிடித்துக்கொண்டு நின்றதையும், குடுவையை வைத்து டாக்டர் விளக்கியதையும் சொன்னாள். "நீ கோழை இல்லடி. யார் ஒடம்பா இருந்தாலும் அன்னைக்கு அப்படித்தான் அலறியிருக்கும். நான்தான் ஒன்னைக் கொதிக்கும்போதே எடுத்துப் பனியில வெச்சேன். என்னை மன்னிச்சுக்கோ."

ஸ்விலேனா நூலில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்த அல்வாத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ தெரியும் ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

"அந்த வருஷமே."

"நான் மிளகா உரிச்சுக்கிட்டுக் கேட்டேனே. அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி. கொஞ்ச நாள்தான் பின்னாடி."

"அப்போ அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியாது." அதை ஒரு பக்கம் எடுத்து வைப்பவள் போலத் தலையை ஆட்டினாள். "வலிய விடுங்க அக்கா. வலி அன்னைக்கு சாயங்காலமே போயிடுச்சு. ரொட்டிக் கடையில சிரிச்சீங்களே. நானும் கூடச் சேந்து சிரிச்சேனே! இத்தனை வருஷம் என்னைப் பாத்து நானே சிரிச்சேன். அத யாரு எறக்கறது, மெல்லவோ வேகமாவோ?"

"மன்னிச்சுக்கோ" என்றாள் ரூஸ்கா மறுபடி.

ஸ்விலேனா எழுந்து கோட்டை மாட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வாசலில் மிஞ்சோ, "பனிட்சா…" என்று இழுத்தான். "நீ சாப்ட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

நோன்பு நடுவே ஒருநாள் ஸ்விலேனா வேலியருகில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அந்த டாக்டர் இன்னும் அங்கதான் இருக்கா."

"இருக்கா. பெரிய டாக்டர் ஆயிட்டா இப்ப."

"இந்தத் தடவ மெல்ல எறக்கணும்."

"நான் போய்ச் சொல்றேன். இப்பவே போறேன்."

"நீங்க போக வேணாம்" என்றாள் ஸ்விலேனா. "நானே சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பேசினோம். அவ அழுதா. ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். அன்னைக்கு நீங்க அந்த வராந்தாப் பக்கம் வரக்கூடாது. போனும் கூடாது. நான் எப்ப முழிக்கணுமோ அப்ப முழிச்சுக்கறேன்."

ரூஸ்கா போகவில்லை. ஆபரேஷன் அன்று வீட்டில் உட்கார்ந்திருந்தாள். மிஞ்சோவுக்குப் போன் செய்யக் கை போகும், கையை எடுத்துக்கொள்வாள். மதியம் ஆயிற்று, செய்தி இல்லை. அம்மாவின் கதவுக்கு முன்னால் இருந்த அதே அமைதிதான். அந்தப் பெஞ்சில் கூப்பிடவாவது முடிந்தது. இப்போது கூப்பிட அவளுக்கு உரிமையில்லை. அடுப்பில் ஏதோ வைத்தாள், அது தீய்ந்தது. ஜன்னலில் சாம்பலான வெளிச்சம் சாயும்போதுதான் மிஞ்சோ வந்தான். ஓடி வந்தவன் இல்லை, நடந்துதான் வந்தான். அந்த நடையைப் பார்த்து அவளுக்கு உயிரே போய்விட்டது.

"என்னடா?"

"முழிச்சுட்டா."

"கத்தினாளா?"

"இல்ல. மெல்லத்தான் முழிச்சா. வலிக்குதான்னு கேட்டேன். வலிக்குது, ஆனா காயம்தான் வலிக்குதுன்னா. தண்ணி கேட்டா." அவன் உட்கார்ந்தான். "அப்புறம் ஒன்னைப் பத்திக் கேட்டா."

"என்னன்னு?"

"அக்கா வராந்தாவுல இல்லதானேன்னு கேட்டா."

ரூஸ்கா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். தீய்ந்த வாடை வீடு முழுக்க இருந்தது. மிஞ்சோ எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான்.

கட்டி கெட்டதாக இருக்கவில்லை. கோடைக்குள் ஸ்விலேனா நடமாடினாள். கம்பெனியில் வேலையை விட்டாள், பல்லைப் பிடுங்கிக்கொண்டாள், ரொட்டிக் கடையில் ஸ்லாவ்காவை நிறுத்தி ஏதோ சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று ஸ்லாவ்கா யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஸ்விலேனாவைக் கண்டால் வழிவிட்டு நின்றாள். ரூஸ்காவோடு அவள் பேசுகிறாள், விழாக்களுக்கு வருகிறாள், தக்காளி நாற்றுக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள். மன்னிப்பு ஞாயிறு வரும்போது இருவரும் எதிரெதிரே நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். ரூஸ்காதான் முதலில் கேட்கிறாள். ஸ்விலேனா அவள் கையை அழுத்திவிட்டு, "பனிட்சா ஆறிடும் அக்கா" என்கிறாள். 'மன்னிச்சாச்சு' என்ற வார்த்தையை இன்னும் சொல்லவில்லை.

மிஞ்சோ லாரி ஓட்டுவதை நிறுத்திய பிறகு அவனும் ஸ்விலேனாவும் மகளிடம் போய்விட்டார்கள், விழாக்களுக்கு மட்டும் ஊருக்கு வருவார்கள். ஸ்விலேனா இப்போது வர்னாவில், யானாவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தாருக்குத் திரைச்சீலையும் பாவாடையும் ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.